ராட் எபாக்சி கெட்டியாகவில்லை என்கிற புகார்: நகத் தடமும் பிசுபிசுப்பும் ஒன்றல்ல

மே 11

தூண்டில் ராடைத் தானே கட்டுகிற ஒரு தம்பி கீழக்கரையிலிருந்து எழுதியது. புதியவர்களுக்கு ஒரு வார்த்தை: பாப்பிங் ராட் என்பது பாப்பர் என்கிற மிதக்கும் போலி இரையை வீசுகிற தூண்டில். கைடு என்பது நரம்பு ஓடுகிற வளையம், அதன் காலை ராடோடு நூல் சுற்றிக் கட்டி, மேலே ரெசினும் ஹார்ட்னரும் கலந்த எபாக்சியைப் பூசுவோம்.

“அண்ணே, 7 அடி பாப்பிங் ராடுக்கு நானே கைடு கட்டி எபாக்சி போட்டேன். ஒரு வாரம் ஆச்சு. நகத்தை வச்சு அழுத்தினா தடம் விழுது. ரீல் பக்கத்து முதல் கைடுல மட்டும் விரல் லேசா ஒட்டுது. படகுப் பட்டறையில வேலை பார்க்கிற மச்சான், ஹார்ட்னர் பத்தலை, அடுத்த கோட்ல கொஞ்சம் கூட ஊத்து, கல்லாயிடும்னு சொல்றார். ஊத்தலாமா?”

ஊற்றாதீங்க தம்பி. அதற்குள் அடுத்த கோட் போட்டுவிடக் கூடாதே என்றுதான் இந்த அவசரப் பதில். நகத் தடம் விழுவதும் விரல் ஒட்டுவதும் ஒரே நோய் இல்லை. முதலாவது பெரும்பாலும் நோயே இல்லை.

எதில் அளந்தீங்க, எவ்வளவு கலந்தீங்க, எந்தக் கைடில் ஆரம்பித்து எதில் முடித்தீங்க, மூன்றையும் சொல்லுங்க.

மே 12

மச்சான் சொன்னதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நம் கரையில் அவர் ஒருவர் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. மண்டபம், பாம்பன், ராமேஸ்வரம், எங்கே போனாலும் ஃபைபர் படகு வேலை தெரிந்தவர் ஒருவர் இருப்பார். இப்போது தடைக்காலம் வேறு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகாது என்பதால் பழுது பார்க்கிற வேலை மும்முரமாக நடக்கிறது, கரையெல்லாம் ரெசின் வாடை. அவர்கள் கையில் இருப்பது பாலியெஸ்டர் ரெசின். அதில் ஊற்றுகிற கேட்டலிஸ்ட் நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்ற கணக்குதான். வெயில் காய்ந்தால் குறைப்பார்கள், மேகம் போட்டால் கூட்டுவார்கள், இரண்டு விதத்திலும் சரக்கு இறுகிவிடும். அங்கே கேட்டலிஸ்ட் வேலையைத் தொடக்கி மட்டும் வைக்கிறது. அப்புறம் ரெசினும் அதில் கலந்திருக்கிற ஸ்டைரீனும் தமக்குள் கோர்த்துக்கொண்டு போய்விடும்.

எபாக்சியில் ஹார்ட்னர் தொடக்கி வைக்கிற சரக்கு இல்லை, அதுவே பொருளில் ஒரு பங்கு. ரெசினின் ஒவ்வொரு முனையும் ஹார்ட்னரின் ஒரு முனையோடு சேர்ந்தால்தான் முடிச்சு விழும். பாதி முடிச்சு போடாமல் விட்ட வலையை இழுத்துப் பாருங்கள், நூல் எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் கண் நிற்காது. ஹார்ட்னரைக் கூட்டினால், கூட்டிய அளவு சேர ஆளில்லாமல் உள்ளேயே கிடக்கும், ஃபினிஷ் (பூசி இறுகின மேல்பூச்சு) கொழகொழவென்று நெகிழும், ஈரத்தையும் இழுக்கும். குறைத்தால் ரெசின் மிஞ்சிப் பிசுபிசுக்கும். இரண்டு பக்கமும் பள்ளம்தான். ஆகவே மச்சானின் கைப்பக்குவம் படகுக்கு முழுக்கச் சரி, ராடுக்குத்தான் ஆகாது. அவரிடம் இதைச் சொல்லும்போது பக்குவமாகச் சொல்லுங்கள்.

மே 14

தம்பியின் பதில் வந்துவிட்டது. இருமல் மருந்து மூடியில் கண்ணளவாக ஒரு மில்லி ஒரு மில்லி, ஐஸ் குச்சியால் அரை நிமிடம் கலக்கி, நுனிக் கைடில் ஆரம்பித்துக் கீழே இறங்கி வந்திருக்கிறார். கடைசியாகப் போட்டது ரீல் பக்கத்துக் கைடு. அதற்குச் சரக்கு போதாமல் மூடியின் ஓரத்தையெல்லாம் வழித்துப் பூசியிருக்கிறார்.

விஷயம் அங்கேயே இருக்கிறது. அளவு பிசகினால் எல்லாக் கைடும் ஒன்றுபோல ஒட்டும். ஒரு கைடு மட்டும் ஒட்டினால் கலவை பிசகியிருக்கிறது. கப்பின் சுவரிலும் அடி மூலையிலும் ஒட்டியிருக்கிற சரக்குக் கலப்பதே இல்லை, குச்சி அங்கே போகாது. அதை வழித்துப் பூசினால் பச்சை ரெசினைப் பூசுகிற மாதிரிதான். நான் செய்கிற வழி இது: முதல் கப்பில் சுவரைச் சுரண்டிச் சுரண்டி இரண்டு மூன்று நிமிடம் மெதுவாகக் கலக்குவேன், அப்படியே வேறொரு சுத்தமான கப்புக்குக் கவிழ்த்து (வழித்து அல்ல, தானாக விழுகிறது மட்டும்) இன்னும் ஒரு நிமிடம் கலக்குவேன், பிறகு ஒரு அலுமினியத் தாளில் ஊற்றிப் பரப்பிவிடுவேன். தாளில் பரப்பினால் குமிழ் தானே மேலே வந்து உடையும், சரக்குச் சூடேறி அவசரமாக இறுகாது. கப்பில் தங்கியது கப்போடு போகட்டும், அதற்கு ஆசைப்படக் கூடாது.

மரக்குச்சியும் வேண்டாம். அதன் துளைகளில் காற்றும் ஈரமும் இருக்கும், கலக்கக் கலக்கக் குமிழாக வரும். வழவழப்பான எஃகுக் கம்பி ஒன்று போதும், சட்டை ஹேங்கரை வெட்டினால்கூட ஆகும்.

ஒரு மில்லி ஒரு மில்லி என்பது தேவைக்குச் சரியாக இருக்கலாம், அளப்பதற்குச் சரியில்லை. ஒரு மில்லியில் 0.1 தவறினால் பத்து சதவீதம் போச்சு. மூன்று மில்லியில் அதே 0.1 தவறினால் மூன்று சதவீதம்தான், பெரும்பாலான சரக்கு அதைத் தாங்கும். ஆகவே ஒரே ஒரு கைடு கட்டினாலும் மூன்றுக்கு மூன்று கலக்குங்கள். மிச்சம் வீணாகிறதே என்று மனசு கேட்காது, எனக்கும் அப்படித்தான். ஆனால் ராடைப் பிரித்துத் திரும்பக் கட்டுகிற நூலும் நேரமும் அதைவிட அதிகம்.

மே 15

சிரிஞ்சு எது வாங்குவது என்று இரண்டு பேர் கேட்டார்கள். மருந்துக்கடையில் கிடைக்கிற சாதாரண சிரிஞ்சில் உந்தியின் முனையில் கறுப்பு ரப்பர் இருக்கும், அது வழுக்கிப் போவதற்காகச் சிலிக்கான் எண்ணெய் தடவியிருப்பார்கள். அந்த எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத அளவு கலந்தாலே போதும், பூசின ஃபினிஷ் அங்கங்கே விலகி நடுவில் நூல் தெரிகிற மாதிரி வட்டப் பள்ளம் விழும். துடைத்துவிட்டு மறுபடி பூசினாலும் அதே இடத்தில் விழும். ரப்பர் இல்லாத, முழுக்கப் பிளாஸ்டிக்கான இரண்டு துண்டுச் சிரிஞ்சு கேட்டு வாங்குங்கள். ரெசினுக்கு ஒன்று, ஹார்ட்னருக்கு ஒன்று. பட்டை போட்டுப் பெயர் எழுதி வையுங்கள், மாற்றி விட்டால் புட்டியே கெட்டுப்போகும்.

நகைத் தராசில் நிறுக்கலாமா என்றும் கேட்டார்கள். தாராளமாக. ஆனால் புட்டியில் ‘சம அளவு’ என்று இருந்தால் அது கன அளவு, எடை இல்லை. ரெசின் கனமானது, ஒரு மில்லி 1.1 கிராமுக்கு மேல் வரும். ஹார்ட்னர் ஒரு கிராமை ஒட்டி இருக்கும். சம எடை போட்டால் ஹார்ட்னர் பத்துப் பதினைந்து சதவீதம் கூடிவிடும். ஐந்து மில்லி ரெசினைத் தனியாகவும் ஐந்து மில்லி ஹார்ட்னரைத் தனியாகவும் ஒரு தடவை நிறுத்து, அந்த விகிதத்தைப் புட்டி மேலேயே எழுதி ஒட்டிவிடுங்கள், பிறகு எப்போதும் தராசே போதும்.

கையுறை நைட்ரைல். ஹார்ட்னர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு அந்தப் புட்டியைத் திறக்கிற போதெல்லாம் அரிக்கும். கையில் பட்டதை அசிட்டோனால் துடைக்காதீர்கள், உள்ளேதான் இழுக்கும். சோப்பும் தண்ணீரும் போதும்.

மே 19

இப்போது கெட்டித்தன்மை. சென்னையிலிருந்து ஒருவர், மேசைக்கு ஊற்றுகிற எபாக்சியைப் போட்டேன், கண்ணாடியாக நிற்கிறது, நகம் துளிகூட இறங்கவில்லை, ராட் எபாக்சி எதற்கு என்று கேட்கிறார்.

மேசை வளையாது ஐயா. பாப்பிங் ராடில் ஒரு நல்ல பாறை மீன் மாட்டினால் பிளாங்க் (ராடின் வெறும் தண்டு) அரை வட்டமாக வளைகிறது, கைடின் கால் எஃகு, அது வளையாது. வளைகிற பிளாங்குக்கும் வளையாத காலுக்கும் நடுவில் இருப்பது நூலும் இந்த ஃபினிஷும்தான். கால் முடிகிற இடத்தில் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு மயிரிழை அசைவு இருக்கும். அந்த அசைவுக்கு விட்டுக் கொடுக்கிற சரக்குத்தான் ராட் எபாக்சி. நகத்தை ஊன்றி அழுத்தினால் ஒரு தடம் விழுந்து, கொஞ்ச நேரத்தில் மங்கிப்போகிறது என்றால் அது செய்ய வேண்டிய வேலையைச் செய்கிறது.

பழுதுக்கு என்னிடம் வந்த ஒரு ராடைச் சொல்கிறேன். மேலே பார்க்க அழகு, கெட்டியான பளபளப்பு. மூன்றாவது கைடின் கால் நுனியில் குறுக்காக ஒரு வெள்ளைக் கோடு, நூல் பருமன்கூட இல்லை. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அந்தக் கோட்டிலிருந்து நூலுக்கு அடியில் பழுப்பாக ஒரு கறை காலோடு ஒட்டி உள்ளே ஓடியிருந்தது. பிளேடைக் காலின் மேல் வைத்துக் கீறியதும் நூல் பட்டையாக உரிந்து வந்துவிட்டது, கைடு கையோடு வந்தது. காலின் அடியில் துரு, துருவுக்கு நடுவே உப்புப் பொடி. ஃபினிஷ் ஒடிந்து, ஒடிந்த வழியாகக் கடல் தண்ணீர் போய், எவர்சில்வர் என்று நம்பின காலையே அரித்திருக்கிறது. காற்றுப் படாமல் உப்புத் தண்ணீர் தங்குகிற இடுக்கில் எவர்சில்வரும் துருப்பிடிக்கும். ஃபினிஷ் நெகிழ்ந்து கொடுத்திருந்தால் அந்தக் கோடே விழுந்திருக்காது.

எல்லாப் பழியையும் ஃபினிஷ் மேல் போடவும் முடியாது. காலின் நுனியை அரம் போட்டுச் சரிவாகத் தேய்க்காமல் தடித்த விளிம்போடு கட்டினால் எந்த எபாக்சியும் அங்கே கோடு விடும். கைடு நல்ல பெயருள்ள கம்பெனியுடையதாக இருந்தாலும் காலை ஒரு தடவை தடவிப் பாருங்கள். அடியில் பிசிறு இருந்தால் அது பிளாங்கையும் குத்தும்.

மே 20

கெட்டியை அளக்க ஷோர் டி மீட்டர் வாங்கலாமா? வேண்டாம். அது அழுத்திப் பார்க்கிற ஊசிக்கு ஆறு மில்லிமீட்டர் தடிமனாவது தட்டையாக வேண்டும். ராடின் மேல் இருப்பது வளைந்த மெல்லிய தோல். அதில் வைத்து எடுத்த எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

மே 27

தொண்டியிலிருந்து வந்தது நல்ல கேள்வி. “கப்பில் மிச்சம் வைத்தது அன்றைக்கே இறுகித் தட்டினால் சத்தம் வருது. ராடில் மறுநாளும் மெத்தென்று இருக்கு. ஒரே கலவை எப்படி இரண்டு விதமாகும்?”

எபாக்சி இறுகும்போது சூட்டை வெளியே விடும். கப்பில் மொத்தையாகக் கிடப்பது அந்தச் சூட்டைத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு இன்னும் வேகமாக, இன்னும் முழுசாக இறுகுகிறது. ராடில் மெல்லிசாகப் பரவிக் கிடப்பது சூட்டை உடனே காற்றுக்குக் கொடுத்துவிடுகிறது, அறை என்ன வெப்பமோ அந்த வெப்பத்தில் மெதுவாக இறுகும். ஆகவே கப்பை நம்பி ராடைக் கையில் எடுக்காதீர்கள். நான் மிச்சச் சரக்கை ஒரு துண்டு பிளாங்கில் அதே தடிமனுக்குப் பூசி பூச்சு ஒரு பக்கமாக வழியாமலிருக்க மோட்டாரில் சுற்றுகிற ராடோடு சேர்த்தே சுற்ற விடுகிறேன். நகம், விரல், கத்தி, எல்லாச் சோதனையும் அந்தத் துண்டுக்குத்தான். ராடைத் தொடவே வேண்டாம்.

இன்னொன்று, வெப்பம் பத்து டிகிரி கூடினால் இறுகுகிற வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். புட்டியில் போட்டிருக்கிற நேரம் இருபத்தைந்து டிகிரியை ஒட்டிய அறைக்கு எழுதியது. நம் மே மாதத்து மதியம் அறைக்குள்ளேயே முப்பத்தைந்து. பூசுகிற நேரம் பாதியாகிவிடும், தூரிகை இழுபடத் தொடங்கிய பிறகும் பூசிக்கொண்டே இருந்தால் மேடு பள்ளம்தான் மிஞ்சும். விடிகாலையில் பூசுங்கள், நான்கு கைடுக்கு மேல் ஒரே கலவையில் இழுக்காதீர்கள்.

ஜூன் 3

நேற்று உச்சிப்புளி நண்பர் போனில் கத்திக்கொண்டிருந்தார். போன வருடம் கட்டின ராட், அருமையாக இறுகினது, தனுஷ்கோடிக்குப் போய் வந்த பிறகு கட்டுக் கயிறு பட்ட இடமெல்லாம் ஃபினிஷில் கயிற்றின் முறுக்கே அச்சாக விழுந்திருக்கிறதாம். சரக்கு கெட்டுப்போச்சு, போலி என்கிறார்.

போலி இல்லை. அறை வெப்பத்தில் இறுகுகிற எபாக்சி பெரும்பாலும் ஐம்பது, அறுபது டிகிரியைத் தொட்டதும் இளகத் தொடங்கும். உருகாது, மெத்தென்று ஆகும். ஆறினால் பழையபடி கெட்டி. அரிச்சல்முனையில் ஜன்னலை ஏற்றிவிட்டு நிறுத்தின காருக்குள் மத்தியான வெயிலில் அறுபது டிகிரி சாதாரணம். கறுப்புப் பிளாங்க் இன்னும் சூட்டை வாங்கும். அந்த நேரத்தில் கயிறு இறுகக் கட்டியிருந்தால் அச்சு விழத்தான் செய்யும், ஆறிய பிறகு அது அப்படியே நிற்கும். துணி உறை, தளர்வான கட்டு, நிழல், இவ்வளவுதான் மருந்து. வெயில் வேறொரு கெடுதலும் செய்கிறது, ஃபினிஷ் வருடக் கணக்கில் மஞ்சளாகும். வெள்ளை நூலில் கட்டினவர்களுக்கு அது சீக்கிரம் தெரியும்.

இதே சூட்டை நமக்குச் சாதகமாகவும் ஆக்கலாம். பூசி ஒரு நாள் முழுக்க ஆறிய ராடை நாற்பத்தைந்து டிகிரியில் சில மணி நேரம் வைத்தால் மிச்சம் இருக்கிற முடிச்சுகளும் விழும், இளகுகிற வெப்பமும் கொஞ்சம் மேலே ஏறும். எங்கள் மாடியில் தகர ஷீட் போட்ட அறை அதற்கென்றே இருக்கிறது. ஒரு வெப்பமானி வைத்துவிடுங்கள், ஐம்பதைத் தாண்டினால் கதவைத் திறந்துவிடுங்கள். சாய்த்து வைக்காமல் படுக்க வைக்க வேண்டும், கைடின் மேல் பாரம் இருக்கக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே வெயிலில் வைக்கிற யோசனை மட்டும் வேண்டவே வேண்டாம், எபாக்சி தண்ணீராக இளகி அடியில் தொங்கும்.

ஜூன் 4

நேற்று எழுதியதில் ஒரு விளக்கம். சூடு கொடுத்தால் அளவு தவறின கலவையும் சரியாகிவிடுமா என்று கேட்கிறார்கள். ஆகாது. சேர ஆள் இருந்து மெதுவாகச் சேர்கிறதைத்தான் சூடு வேகப்படுத்தும், ஆளே இல்லாததை என்ன செய்யும்.

ஜூன் 18

தடைக்காலம் முடிந்தது, கச்சான் காற்றும் பிடித்துவிட்டது, தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கிறது, வடகடல் (பாக் நீரிணை) பக்கம்தான் கொஞ்சம் நிற்க முடிகிறது. கட்டின ராடை எங்கே வீசிப் பார்ப்பது என்று கேட்கிற வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் இருக்கிற 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986 முதல் தேசியப் பூங்கா. படகுக்காரர் யாராவது அழைத்துப்போகிறேன் என்றாலும் அங்கே தூண்டில் போடக் கூடாது. பவளப் பாறையில் பாப்பர் மாட்டி அறுந்தால் அது அங்கேயே கிடக்கும்.

சரி, எபாக்சிக்கு வருகிறேன். கீழக்கரைத் தம்பி ஒட்டுகிற கைடை மட்டும் பிரித்துக் கட்டப்போகிறார். எப்படிப் பிரிப்பது என்றால், முடி உலர்த்துகிற ஹேர் டிரையரால் கை பொறுக்கிற சூடு காட்டி, பிளேடைக் கைடுக் காலின் மேல் மட்டும் வைத்துக் கீறி, நூலை உரிக்க வேண்டும். பிளாங்கின் மேல் பிளேடு படவே கூடாது. கார்பன் இழையில் ஒரு கீறல் விழுந்தாலும் பெரிய மீன் இழுக்கிற அன்றைக்கு அந்த இடத்தில்தான் ஒடியும். மிச்சம் ஒட்டியிருப்பதை நகத்தாலும் பிளாஸ்டிக் அட்டையாலும் தள்ளினால் வந்துவிடும்.

பிரிக்காமல் மேலே ஒரு நல்ல கோட் போட்டு மூடலாமே என்று சிலர் சொன்னார்கள். கைப்பிடிக்கு மேல் இருக்கிற அலங்காரச் சுற்று என்றால் போடலாம், நானும் போட்டிருக்கிறேன், நிற்கிறது. கைடின் கால் என்றால் வேண்டாம். மேலே கெட்டி, அடியில் பிசுபிசுப்பு, கால் உள்ளேயே நகரும்.

அக்டோபர் 29

மழை தொடங்கியதும் புதுப் புகார். “இறுகிவிட்டது, ஆனால் மேலே எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது, பளபளப்பு மங்கிப் பனி படர்ந்த மாதிரி இருக்கு.” தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், மூன்று இடத்திலிருந்தும்.

கலவையில் தப்பு இல்லை. ஹார்ட்னரில் இருக்கிற அமீன், இறுகி முடிவதற்கு முன்னால் காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து மேலே ஒரு மெழுகுப் படலமாக வருகிறது. ராத்திரி ஜன்னல் திறந்து வைத்து, வாடைக் காற்றில் பூசினவர்களுக்கு அதிகமாக வரும். இது தண்ணீரில் கரையும், ஸ்பிரிட்டில் சரியாகப் போகாது, ஸ்பிரிட் துணி அதை இழுத்து இழுத்துப் பரப்பும். வெதுவெதுப்பான தண்ணீரில் துணி நனைத்துத் துடைத்தால் அடியில் இருக்கிற பளபளப்பு அப்படியே திரும்பும். தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கட்டும். நம் ஊர்க் குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கும், காய்ந்ததும் வெள்ளைப் புள்ளி விழும். குடிக்கிற கேன் தண்ணீரே எடுங்கள்.

துடைக்காமல் இரண்டாவது கோட் போட்டால்தான் ஆபத்து. படலத்தின் மேல் அது பிடிக்காது, சில மாதத்தில் தகடாகத் தூக்கும். முதல் கோட் போட்டு ஒரு நாள் தாண்டிவிட்டால் துடைத்த பிறகு நைசான உப்புத்தாளால் மேலோட்டமாகத் தேய்த்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். நூல் தெரிகிற இடத்தில் தேய்க்க வேண்டாம், இழை பிசிறும்.

நவம்பர் 2

மழைக்காலத்துக்கு என் ஏற்பாடு என்ன என்று கேட்டார்கள். மேலே அட்டைப்பெட்டியைக் கவிழ்த்த மாதிரி ஒரு மூடி, உள்ளே 40 வாட் குண்டு பல்பு ஒன்று, சுற்றுகிற மோட்டார் வெளியே. பல்பு எபாக்சியிலிருந்து ஒரு கை தள்ளி இருக்க வேண்டும், ஒரே பக்கம் சுட்டால் ஃபினிஷ் ஒரு பக்கமாக ஓடும். நிமிடத்துக்குப் பத்துச் சுற்றை ஒட்டி மோட்டார் சுற்றினால் போதும்.

அதற்கு முன்னால், நூல் சுற்றுவதற்கே முன்னால், பிளாங்கைத் துடையுங்கள். கடலிலிருந்து ஒரு தெரு தள்ளி வீடு இருந்தாலே போதும், ஜன்னல் ஓரம் இரண்டு நாள் நிற்கிற பிளாங்கில் விரலை இழுத்தால் பிசுக்கென்று இருக்கும், அது உப்பு. முதலில் கேன் தண்ணீர், காய்ந்த பிறகு ஸ்பிரிட், இந்த வரிசையில். ஸ்பிரிட்டை மட்டும் போட்டால் உப்பு போகாது, ஓரத்துக்கு நகர்ந்து நூலுக்கு அடியில் உட்கார்ந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எபாக்சியில் ஸ்பிரிட் கலந்து இளக்கலாமா என்று கேட்டவருக்கு: முதல் கோட் நூலுக்குள் நன்றாக இறங்கும் என்று சிலர் செய்கிறார்கள். ஸ்பிரிட் முழுக்க வெளியேறாமல் உள்ளே மாட்டினால் ஃபினிஷ் நிரந்தரமாக மெத்தென்று நிற்கும். இளக வேண்டுமென்றால் மெல்லிய வகை எபாக்சியே தனியாக விற்கிறது, இறுக நேரம் பிடிக்கும், நூலுக்குள் தானே இறங்கும். அதில் இரண்டு மெல்லிய கோட் போடுங்கள்.